மெழுகு வார்ப்பில் ஒரு நினைவுப் பேழை: மெழுகிலிருந்து மூடி பொருந்தும் வரை

மெழுகு வார்ப்பில் சிலை செய்வதற்கும் பெட்டி செய்வதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிலையில் தோள் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது. பெட்டியில் அதே அரை மில்லிமீட்டர் தள்ளினால் மூடி மூடாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூடியை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மெழுகு, மண், நெருப்பு எல்லாவற்றையும் சொல்கிறேன், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் "இது மூடியை என்ன செய்யும்" என்ற கேள்வி கூடவே வரும்.

நம் மொழியில் இப்படிப்பட்ட சின்ன மூடி போட்ட பெட்டிக்குச் செப்பு என்று பெயர். உடலும் மூடியும் இரண்டாக இருந்தும் ஒன்றுபோலத் தெரிவதைச் "செப்பின் புணர்ச்சி" என்று உவமையாகச் சொல்லும் வழக்கம் பழந்தமிழிலேயே இருக்கிறது. உருவத்தை மெழுகில் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிற முறை அதைவிடவும் பழையது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில் கிடைத்த சின்னச் சக்கர வடிவச் செம்புத் தாயத்து சுமார் 6000 ஆண்டுகள் பழையது, அது மெழுகு வார்ப்பு. மொகஞ்சதாரோவின் நடனப் பெண், 10.5 சென்டிமீட்டர் உயரம்தான், அதுவும் மெழுகு வார்ப்பு. இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகளும், மத்திய, கிழக்கு இந்தியாவின் டோக்ரா கலைஞர்களும் அடிப்படையில் இதையே செய்கிறார்கள். இரண்டு மரபுக்கும் நடுவே உள்ள ஒரு வித்தியாசம் நம் பெட்டிக்கு ரொம்ப முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மெழுகு வேலை, மண் வேலை, கடைசி அரம் வேலை மூன்றையும் யாரும் வீட்டிலேயே செய்யலாம். உலோகம் உருக்கி ஊற்றுவதை மட்டும் முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். ஏற்கெனவே வார்ப்பு வேலை செய்கிற ஒருவரிடம் காய்ந்த மண் அச்சைக் கொண்டுபோய், அவர் கூட நின்று ஊற்றுங்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கிற திரவத்தைக் கையாள்வதை எழுதிப் புரிய வைக்க முடியாது, பார்த்துத்தான் பழக வேண்டும்.

அளவை முடிவு செய்வது

முதல் பெட்டிக்கு வட்டத்தை எடுங்கள். சதுரப் பெட்டி பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் தட்டையான நீளச் சுவர் ஆறும்போது கொஞ்சம் வளையும், நான்கு மூலையும் ஒன்றோடொன்று சண்டை போடும். வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கும், மூடி ஓர் இடத்தில் பிடித்தால் திருப்பி வேறு இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நான் சொல்கிற அளவு இது: வெளி விட்டம் 8 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர், சுவர் 3 மில்லிமீட்டர். சுவரை 2 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோகலாம் என்று ஆசை வரும், வேண்டாம். சுவர் மெலிய மெலிய உலோகம் முழுதும் ஓடி நிரம்புவதற்கு முன்பே உறைந்துவிடும், பெட்டியில் ஓட்டை விழும். 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கையில் எடுக்கக் கனமாக இருப்பதோடு, அடிச்சுவரும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் உலோகம் கடைசியாக உறைந்து உள்ளே குழி விழும்.

மூடி இரண்டு வகையில் வைக்கலாம். ஒன்று, மூடியின் அடியில் ஒரு வளையம் இருந்து அது பெட்டியின் வாய்க்குள்ளே இறங்குவது. இன்னொன்று, மூடியே தொப்பி மாதிரி வெளியே கவிழ்வது. முதலாவதையே தேர்ந்தெடுங்கள். பெட்டியின் வெளிப்புறம் முழுக்க அலங்காரத்துக்குக் கிடைக்கும், உரசிச் சரிசெய்ய வேண்டிய இடம் மறைந்தும் இருக்கும். கீல் வைத்த மூடி அழகுதான். ஆனால் கீலின் துளையும் வாய் விளிம்பும் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டும், அதனால் அதை மூன்றாவது பெட்டிக்குத் தள்ளி வையுங்கள்.

உருகிய உலோகம் உறைந்து ஆறும்போது சுருங்கும். பித்தளை, வெண்கலம் இரண்டுக்கும் ஏறத்தாழ 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 8 சென்டிமீட்டர் பெட்டி கையில் வரும்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சின்னதாக வரும். உள்ளே குறிப்பிட்ட ஒரு பொருள், ஒரு பதக்கமோ கைக்கடிகாரமோ, வைக்கத்தான் செய்கிறீர்கள் என்றால் அதற்கேற்ப மெழுகைப் பெரிதாக்குங்கள். அப்புறம் அரம் போடுவதிலும் கொஞ்சம் போகும்.

மெழுகு: பெட்டி உண்மையில் இங்கேதான் உருவாகிறது

தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரியில் உருகும். தனியாக இருந்தால் ரொம்ப மிருது, கைச்சூட்டிலேயே வடிவம் போய்விடும். அதனால் குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சேர்க்கிறோம். குங்கிலியம் கூடினால் மெழுகு விறைப்பாகும், அளவு மீறினால் நொறுங்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டால் மறுபடி வளையும். சிலை வேலைக்கு மெழுகும் குங்கிலியமும் சம பங்காகவே எடுப்பார்கள். பெட்டிச் சுவருக்குத் தகடாகத் தேய்க்க வேண்டியிருப்பதால் நான் மூன்று பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம் எடுக்கிறேன், எண்ணெய் சில சொட்டு மட்டும். அலங்காரக் கம்பிக்கு இதே கலவையில் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். வெயில் காலத்தில் குங்கிலியம் கூட, குளிர் காலத்தில் எண்ணெய் கூட, இதைக் கை சொல்லிவிடும்.

உருக்கும்போது கனமான பாத்திரம், மெல்லிய சூடு. நேரடித் தீச்சுவாலை வேண்டாம், மின் அடுப்பு நல்லது. புகை வருகிற அளவுக்குச் சூடேற்றினால் மெழுகு தீப்பிடிக்கும். பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். உருகியதும் துணியில் வடிகட்டுங்கள். மெழுகில் கிடக்கிற ஒரு மண்துகள் அப்படியே உலோகத்தில் ஒரு புள்ளியாக வரும்.

சரி, இப்போது அந்த வித்தியாசம். சுவாமிமலையில் சிலையை முழு மெழுகாகவே செய்வார்கள். டோக்ரா முறையில் முதலில் உள்மண், அதாவது உருவத்தின் உள்ளே நிற்கும் மண்கட்டி, செய்து காயவைத்து, அதன் மேல் மெழுகுக் கம்பியைச் சுற்றுவார்கள். யானை, விளக்கு, உருவங்களுக்கு அதுதான் சரி. பெட்டிக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே மண் நிரம்பி இருப்பதால் மெழுகு நிலையில் மூடியைப் பொருத்திப் பார்க்கவே முடியாது. நான் முதலில் செய்த பெட்டி இப்படித்தான். உடலை ஒரு நாள் செய்தேன், மூடியைச் சில நாள் கழித்து அளவு வைத்து வேறு மெழுகில் செய்தேன். இரண்டும் அழகாக வார்த்து வந்தன, மூடி இரண்டு மில்லிமீட்டர் பெரிது. அதை அரம் போட்டு இறக்கப் போனதில் வளையமே தேய்ந்து போனது. அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன்: முதலில் மெழுகில் காலிப் பெட்டி, அதில் மூடியைப் பொருத்துவது, அப்புறம்தான் உள்ளே மண் நிரப்புவது. பெட்டிக்கு வாய் திறந்திருக்கிறது என்பதால்தான் இது சாத்தியம்.

தகடு தேய்க்க, ஈரப்பலகையில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு குச்சிகளை இருபுறமும் வைத்து நடுவில் வெதுவெதுப்பான மெழுகை வைத்து, நனைத்த உருளையால் தேயுங்கள். குச்சி இருப்பதால் தடிமன் ஒரே சீராக வரும். சீரான தடிமன் அழகுக்காக இல்லை. மெலிந்த இடம் முதலில் உறையும், தடித்த இடம் கடைசியில் உறையும், இடையில் இழுபறி நடந்து வட்டம் கோணும்.

தகட்டை நேர் விளிம்பாக வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவிய வழவழப்பான ஓர் உருளையைச் சுற்றி வளையுங்கள். மரமோ, தகர டப்பாவோ, முழு வட்டமாக இருந்தால் போதும். இரண்டு முனைகளும் சேரும் இடத்தைச் சூடான கத்தியால் உள்ளே வரை உருக்கி ஒட்டுங்கள். மேலே மட்டும் தடவி மறைத்தால் அந்த விரிசலுக்குள் மண் இறங்கி, வார்த்த பிறகு பெட்டிச் சுவரில் கோடு பிளந்து நிற்கும். அடித்தகட்டை வட்டமாக வெட்டி அதே மாதிரி ஒட்டி, உள்மூலையில் கொஞ்சம் மெழுகு இழுத்து வளைவாக்குங்கள். கூரான உள்மூலை வேண்டாம். அந்தக் கூரில் சுருங்கும்போது விரிசல் விடும்.

இப்போது மூடி. பெட்டியின் வாயை ஒரு கண்ணாடித் தட்டில் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கிக்கொள்ளுங்கள். வாயின் உட்புறம் முழுக்க மெல்லிய காகிதத்தை எண்ணெய் தடவி ஒட்டவையுங்கள். அந்தக் காகிதத்தின் மேல் படும்படி, 8 மில்லிமீட்டர் அகலமுள்ள மெழுகுப் பட்டையை உள்ளே வளையமாகச் சுற்றுங்கள். மேலே மூடித்தகட்டை வைத்து, அதன் வழியாகவே வளையத்தோடு உருக்கி ஒட்டுங்கள். குளிர்ந்ததும் மெல்லத் திருகினால் மூடி கழன்று வரும், காகிதத்தை எடுத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு காகிதத் தடிமன்தான்.

அவ்வளவு சின்ன இடைவெளி போதுமா என்று தோன்றும். போதாது, அதுதான் நமக்கு வேண்டும். வார்த்து வரும்போது இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கும், மூடி நேராக இறங்காது. அரம் போட்டுத்தான் இறக்குவோம். உலோகத்தில் கழிக்கலாம், சேர்க்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: உடலும் மூடியும் ஒரே கலவை மெழுகில், ஒரே மண்ணில், ஒரே ஊற்றில் வர வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே அளவு சுருங்கும்.

அலங்காரம்

மெழுகுக் கம்பிக்கு, தடித்த முனையுள்ள சிரிஞ்சில் மெழுகை அடைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, குளிர்ந்த தண்ணீருக்குள் அழுத்துங்கள். நீண்ட நூலாக வரும். சுருள், பின்னல், அலை, புள்ளி, டோக்ரா பெட்டிகளில் பார்க்கிற எல்லா வேலைப்பாடும் இந்த ஒரு நூலிலிருந்துதான். ஒட்டும்போது நூலுக்கும் சுவருக்கும் நடுவே சந்து விடாதீர்கள். சந்து இருந்தால் மண் புகும், வார்த்த பிறகு அது சுரண்டி எடுக்க முடியாத கருப்புக் கோடாக நிற்கும். வாய் விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள், அங்கே அரம் நடமாட இடம் வேண்டும்.

பெயரோ தேதியோ பதிக்க விரும்பினால் மெழுகில் குழியாகச் செதுக்குவதைவிட மேலெழும்பும்படி ஒட்டுங்கள். குழியான எழுத்து மண்ணில் மெல்லிய மேடாக மாறும், உலோகம் பாயும் வேகத்தில் அந்த மேடு உடைந்து எழுத்து அடைந்துவிடும். மேலெழும்பிய எழுத்துக்கு அந்தப் பயம் இல்லை.

வாய்க்கால், காற்றுப் போக்கி

இதில் அவசரப்பட்டவர்களுக்குத்தான் பாதிப் பெட்டி வருகிறது. உலோகம் உள்ளே வர வாய்க்கால் வேண்டும், உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி வேண்டும். இரண்டையும் மெழுகிலேயே செய்து பெட்டியோடு ஒட்டுகிறோம்.

பெட்டியை எப்படி நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாய் கீழே, அடிப்பாகம் மேலே, முழுவதுமாகக் கொஞ்சம் சாய்வாக. காரணம் இருக்கிறது. உருகிய உலோகம் மண்ணைவிடப் பல மடங்கு அடர்த்தி. தண்ணீரில் மரம் மிதப்பது போல உள்மண் உலோகத்தில் மிதக்கப் பார்க்கும். வாய் மேலே இருந்தால் அடித்தகட்டுக்குள் பாயும் உலோகம் உள்மண்ணை மேலே தள்ளும், நம் அளவுப் பெட்டியிலேயே அந்தத் தள்ளுவிசை ஒன்றரைக் கிலோ எடைக்கு மேல். வாய் கீழே இருந்தால் உள்மண் வெளி மண்ணோடு ஒரே கட்டியாகத் தரையில் ஊன்றி நிற்கும், உலோகம் அதை இன்னும் அழுத்தத்தான் செய்யும். சாய்வு எதற்கு என்றால், அடித்தகடு படுக்கையாக இருந்தால் அதன் அடியில் காற்று சிக்கும். சாய்த்தால் காற்று ஒரு மூலைக்கு ஏறும், அங்கே போக்கியை வைத்துவிடலாம்.

முக்கிய வாய்க்கால் விரல் தடிமன், 10 முதல் 12 மில்லிமீட்டர். மேலே புனல், அங்கிருந்து பெட்டியின் பக்கமாகக் கீழே இறங்கி வாய் விளிம்பில் இரண்டு இடத்தில் சேரட்டும், ஒரு கிளை அடிப்பாகத்துக்கும் போகட்டும். விளிம்பில் சேர்ப்பதால் உலோகம் கீழிருந்து மேலே அமைதியாக ஏறும், காற்றை விழுங்காது. விளிம்பை எப்படியும் சமமாகத் தேய்க்கப் போகிறோம், வாய்க்கால் வெட்டிய தடமும் அதோடு போய்விடும். மூடியை அதே வாய்க்காலில் செங்குத்தாக நிறுத்தி ஒட்டுங்கள். மிக உயர்ந்த இடங்களிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள போக்கிகள் மேலே வந்து திறக்கட்டும், குறைந்தது மூன்று.

ஒட்டி முடித்ததும் எல்லா மெழுகையும் சேர்த்து எடை போடுங்கள். மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.96, பித்தளை 8.5 சுற்றி, வெண்கலம் 8.8 சுற்றி. ஆக மெழுகு எடையின் ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். நம் பெட்டிக்கும் மூடிக்கும் சுமார் 80 கிராம் மெழுகு, வாய்க்காலுக்கு 30 கிராம் என்றால் 110 கிராம், ஒன்பது மடங்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதற்கு மேல் 15 சதவீதம் சேர்த்து உருக்குங்கள். மெழுகை எடை போட்டு உலோகத்தைக் கணக்கிடுகிற இந்த வழக்கம், 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வந்த நூலிலேயே இருக்கிறது.

மண்

முதல் பூச்சுக்கு மெல்லிய வண்டல் மண், துணியில் சலித்தது. அதோடு உமிக்கரியை மாவாக அரைத்துச் சேர்த்து, வடிகட்டிய சாணிக் கரைசலில் குழைத்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மென்மையான தூரிகையால் மெழுகின் ஒவ்வொரு சந்திலும் போகிற மாதிரி பூசுங்கள், காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குமிழி இருந்த இடத்தில் உலோகத்தில் ஒரு சின்ன மணி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது, இப்படி மூன்று, நான்கு. எல்லாம் சேர்ந்து 3 மில்லிமீட்டர் வந்தால் போதும். பெட்டிக்கு உள்ளேயும் இதே பூச்சு, மறக்காதீர்கள்.

அப்புறம் உள்மண். மண், மணல், உமி மூன்றையும் கலந்து, தண்ணீர் குறைவாக, பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அடையுங்கள். ஒரே நாளில் நிரப்பினால் காயும்போது சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். உமி இங்கே இரண்டு வேலை செய்கிறது. சுடும்போது எரிந்து சின்னச் சின்னத் துளைகளை விட்டுச் செல்வதால் வாயு வெளியேற வழி கிடைக்கும். அதைவிட முக்கியம், துளை நிறைந்த உள்மண் நொறுங்கக் கூடியது. உலோகம் சுருங்கும்போது அது விட்டுக்கொடுக்கும். உமி போடாத கெட்டியான உள்மண் விட்டுக்கொடுக்காது, உடல் சுருங்க முடியாமல் பெரிதாகவே நிற்கும் அல்லது வெடிக்கும், மூடியோ தன் பாட்டுக்குச் சுருங்கிவிடும். பொருந்தாத மூடிக்கு யாரும் சந்தேகப்படாத காரணம் இது.

உள்மண் நகராமல் இருக்க இரண்டு மெல்லிய இரும்பு ஆணிகளைச் சுவர் வழியாக உள்மண்ணுக்குள் குத்தி, தலை வெளி மண்ணில் பதியும்படி விடுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில் ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் உமி கலந்த மண்ணில் இரண்டு சென்டிமீட்டர், கடைசியில் இரும்புக் கம்பியால் சுற்றிக் கட்டி அதன் மேலும் ஒரு பூச்சு. புனலின் வாயும் போக்கிகளின் முனையும் மட்டும் வெளியே தெரியட்டும்.

நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் மண் காய்வதற்கு முன் மெழுகு சூடாகி விரிந்து முதல் பூச்சைப் பிளந்துவிடும். குறைந்தது ஒரு வாரம், ஈரமான காலமாக இருந்தால் இரண்டு வாரம். தினமும் எடை போட்டு எழுதி வைப்பேன், மூன்று நாள் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பழக்கம் ஒரு விபத்துக்குப் பிறகு வந்தது. வெளியே கல் மாதிரி இருந்த ஓர் அச்சின் உள்மண் ஈரமாக இருந்திருக்கிறது. அதைச் சுட வேண்டிய அளவு சுடாமலும் விட்டேன், ஊற்றிய உலோகம் புனல் வழியாகத் திரும்பிச் சீறி அடித்தது. முகக்கவசம் இருந்ததால் தப்பித்தேன், காலணியில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் நீராவியானால் சுமார் 1700 மடங்கு இடம் கேட்கும், ஒரு தேக்கரண்டி ஈரம் போதும்.

மெழுகை இறக்கிச் சுடுவது

அச்சைப் புனல் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மெல்லிய சூட்டில் தொடங்குங்கள். மெழுகு சொட்டும் இடத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வையுங்கள், தீயின் மேல் சொட்ட விடாதீர்கள். சொட்டுவது நின்ற பிறகு சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று விரியும், அந்தப் பகுதியை மெதுவாகக் கடந்தால் விரிசல் விழாது. 650, 700 டிகிரியில், இருட்டில் பார்த்தால் அச்சு மங்கலான சிவப்பாகத் தெரியும் நிலையில், சில மணி நேரம் வையுங்கள். புனலுக்குள் எட்டிப் பார்த்தால் கரி படிந்த கருப்பு போய் மண்ணின் வெளிர் நிறம் தெரிய வேண்டும். கருப்பு இருந்தால் மெழுகின் எச்சம் இன்னும் உள்ளே எரியாமல் இருக்கிறது. உலோகம் பட்டதும் அது வாயுவாகிப் பெட்டி முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகளை விடும்.

உலோகம்

கீழே சொல்வதை ஊற்றுபவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வெண்கலம் என்றால் 90 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம். பித்தளை மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் ஓடும், ஆனால் அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையிலிருந்து எழும் வெள்ளைப் புகை அதுதான். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் மாதிரி வரும். திறந்த வெளி, காற்று வருகிற பக்கத்தில் நிற்பது, சரியான முகமூடி, மூன்றும் வேண்டும். பழைய குழாய், பழைய சாமான் என்று எதையும் தெரியாமல் உருக்காதீர்கள், அவற்றில் காரீயம் கலந்திருக்கும். இது கையில் எடுத்து எடுத்துப் பார்க்கப்போகிற பெட்டி.

செம்பு 1085 டிகிரியில் உருகும். அது முழுதும் உருகிய பிறகே வெள்ளீயம் போட வேண்டும். மேலே கரித்தூள் தூவினால் காற்று படாது. வெண்கலத்தை 1100 முதல் 1150 டிகிரிக்குள்ளும், பித்தளையை அதன் கலவையைப் பொறுத்து 1000, 1050 சுற்றியும் ஊற்றலாம். அச்சு சூடாக இருக்கும்போதே, புனல் மேலே இருக்கும்படி காய்ந்த மணலில் பாதி புதைத்து நிறுத்துங்கள். 3 மில்லிமீட்டர் சுவருக்கு ஆறிய அச்சு ஆகவே ஆகாது.

டோக்ராவில் மூசையையே அச்சின் வாயோடு மண்ணால் ஒட்டி, இரண்டையும் சேர்த்து உலையில் வைத்து, உலோகம் உருகியதும் முழுவதையும் தலைகீழாகத் திருப்புவார்கள். அச்சும் உலோகமும் ஒரே சூட்டில் இருப்பதால் மெல்லிய வேலைப்பாடு அருமையாக நிரம்பும். ஆனால் எப்போது திருப்ப வேண்டும் என்று தீயின் நிறத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கே அது. புதியவருக்குத் தனி மூசைதான்.

ஊற்றத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. விட்டு விட்டு ஊற்றினால் முதல் பகுதி உறைந்து, இரண்டாவது அதன் மேல் படிந்து, ஒட்டாத கோடாக நிற்கும். போக்கிகளில் உலோகம் எட்டிப் பார்த்ததும் போதும். பருத்தி அல்லது தோல் உடுப்பு, மூடிய தோல் காலணி, முகக்கவசம் இல்லாமல் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். ஈரத்தரை, சிமென்ட் தரை இரண்டும் வேண்டாம். சிந்தினால் சிமென்ட் சிதறித் தெறிக்கும்.

உடைத்து, பொருத்துவது

தண்ணீரில் போடாமல் தானாக ஆற விடுங்கள், பல மணி நேரம் ஆகும். உடைக்கும்போது தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சுட்ட மணல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். வெளி மண்ணைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், பெட்டியைத் தட்டாதீர்கள். ஆறிய பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் உள்மண் சுரண்ட எளிதாக வரும். வாய்க்கால்களை ரம்பத்தால் அறுத்து, ஆணித் துளைகளில் அதே உலோகக் கம்பியைச் செருகி இருபுறமும் தட்டி அடையுங்கள்.

விளிம்பைச் சமமாக்க, கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேயுங்கள். முழு வளையமும் ஒரே மாதிரி மின்னும் வரை. மூடியின் அடிப்பரப்பையும் வளையத்தைச் சுற்றி அரத்தால் சமமாக்குங்கள்.

அடுத்து நிதானமான வேலை. மூடி வளையத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கருப்பாகப் பூசுங்கள். போகிற வரை வாய்க்குள் மெல்ல அழுத்தி, அரைச் சுற்று திருப்பி எடுங்கள். கருப்பு அழிந்து உலோகம் தெரியும் இடம் எதுவோ அதுதான் இடிக்கிறது. அதை மட்டும் மெல்லிய அரத்தால் நான்கைந்து தடவை தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி வைத்துப் பாருங்கள். முழு வளையத்தையும் சுற்றித் தேய்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஏற்கெனவே சரியாக இருக்கும் இடமும் குறைந்து மூடி ஆடத் தொடங்கும். எனக்கு ஒரு பெட்டிக்கு நாற்பது, ஐம்பது தடவை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, இரண்டு மாலை நேரம் போகும். பாதிக்கு மேல் இறங்கியதும் எண்ணெயில் குழைத்த மெல்லிய உரைப்பொடியைத் தடவி, மூடியைத் திருப்பித் திருப்பி உரசுங்கள், மீதியை இரண்டும் தங்களுக்குள் சரிசெய்துகொள்ளும். எந்தத் திசையில் நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே உட்புறம் இரண்டிலும் ஒரு புள்ளி குத்திவையுங்கள். நன்றாகப் பொருந்திய மூடியை வாயில் வைத்துக் கையை எடுத்தால் சட்டென்று விழாது, உள்ளே அடைபட்ட காற்று கசியக் கசிய மெதுவாக இறங்கும்.

மெருகு உங்கள் விருப்பம். நான் மேடுகளை மட்டும் மினுக்கி, பள்ளங்களில் சுட்ட கருமையை அப்படியே விடுவேன், சுருள் வேலை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். கடைசியில் பெட்டியை வெதுவெதுப்பாக்கி, தேன்மெழுகை மெல்லியதாகத் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். பின்னாளில் மங்கினால் புளிப்பான எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கருமையும் சேர்ந்து போய்விடும். உள்ளே விரிக்கச் சாயமில்லாத பருத்தித் துணி நல்லது. கம்பளியில் கந்தகம் இருப்பதால் வெள்ளி நகை வைத்தால் கருக்கும். கடிதமோ புகைப்படமோ வைப்பதாக இருந்தால் அது உலோகத்தில் நேராகப் படாமல் அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தில் இறங்கிய மெழுகைக் காயவைத்து, உருக்கி வடிகட்டி எடுத்து வையுங்கள், கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்தால் அடுத்த பெட்டிக்கு ஆகும். அறுத்த வாய்க்கால் துண்டுகளைக் கலவையின் பெயர் எழுதித் தனியாகக் கட்டி வையுங்கள். பித்தளையும் வெண்கலமும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது.